வௌவாலும் பைன் மரமும் சொல்லும் பாடம்

வட அமெரிக்காவின் சிறு பழுப்பு வௌவால் சுமார் 10 கிராம் எடையுள்ளது. அங்கே ராக்கி மலையின் உயரமான பகுதிகளில் வளரும் வெண்பட்டை பைன், பல நூறு ஆண்டுகள் வாழும் மரம். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இந்த இரண்டையும் சரித்தவை, வெளியிலிருந்து வந்த பூஞ்சைகள்.

வெண்மூக்கு நோய்

2006-ல் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில், மூக்கில் வெள்ளைப் பூஞ்சை படிந்த வௌவால்கள் முதன்முதலில் தென்பட்டன. குளிரில் வளரும் இந்தப் பூஞ்சை, குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவாலை அடிக்கடி எழுப்பிவிடும். பூச்சி கிடைக்காத அந்தப் பருவத்தில், உடலில் சேர்த்த கொழுப்பு சீக்கிரமே கரைந்து வௌவால் பட்டினியால் மடியும். நோய் பரவிய பகுதிகளில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டன. ஆண்டுக்கு ஒரு குட்டிதான் என்பதால் மீள்வது கடினம்.

இது விவசாயிகளுக்கும் இழப்பு. பூச்சியுண்ணும் வௌவால்களால் அமெரிக்க விவசாயத்துக்குக் கிடைக்கும் பயன் ஆண்டுக்கு 370 கோடி டாலருக்குக் குறையாது என 2011-ல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

கொப்புளத் துரு நோய்

பைனைத் தாக்கும் துரு நோய், 1900-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாற்றங்கால் கன்றுகளோடு வந்தது. ஊசியிலை வழியே நுழைந்து, பட்டையைச் சுற்றிப் புண்ணாக்கிக் கிளையைக் காய வைக்கும். இது மரத்திலிருந்து மரத்துக்கு நேரடியாகப் பரவாது. இடையில் ரைப்ஸ் புதர் போன்ற மாற்றுச் செடி வேண்டும். அந்தப் புதர்களைப் பல ஆண்டுகள் தோண்டி அழித்தும் நோய் நிற்கவில்லை. இம்மரம் நிறையக் காய்க்க 60 ஆண்டுகளாவது ஆகும். 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது.

நோயைத் தாங்கி நிற்கும் மரங்களில் விதை எடுத்துக் கன்று வளர்க்கலாம். வௌவாலுக்கு அந்த வழி இல்லை. குகைக்குள் செல்பவர்கள் காலணி, உடைகளைச் சுத்தம் செய்வதே முக்கியத் தடுப்பு.

நாம் செய்ய வேண்டியவை

வெளியிலிருந்து வரும் ஆபத்து நமக்கும் புதிதல்ல. தென்னையைத் தாக்கும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில்தான் முதலில் கண்டறியப்பட்டது.

• நம்பகமான நாற்றங்காலிலேயே கன்று வாங்குங்கள்.
• புதுக் கன்றுகளை இரண்டு, மூன்று வாரம் தனியே வைத்து, இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் பாருங்கள்.
• கவாத்துக் கத்தி, மண்வெட்டியைக் கழுவிய பிறகே அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.
• இதுவரை காணாத அறிகுறி தெரிந்தால், மருந்து தெளிக்கும் முன் வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

நோய் ஊன்றிய பிறகு 60 ஆண்டு காத்திருப்பதைவிட, கன்றை மூன்று வாரம் தனியே வைப்பது எளிது.