உயர்திறன் மடிக்கணினி: பழுதறிதலும் திறன் பெருக்கலும்

மைசூரு நகரில் ஆசிரியர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் நன்கு அறிமுகமான மத்திய அரசு நிறுவனங்கள் பல உள்ளன. 1963ஆம் ஆண்டில் தொடங்கிய மண்டலக் கல்வியியல் நிறுவனமும், 1969ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும், தொல்லியல் ஆய்வுத் துறையின் கல்வெட்டுப் பிரிவும் இங்கு உள்ளன. பேச்சுப் பதிவுகளைச் செம்மை செய்தல், கல்வெட்டுகளைப் பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாண உருவம் அமைத்தல், பாடப் படங்களைத் தொகுத்தல் ஆகிய பணிகளுக்குச் சாதாரணக் கணினியின் ஆற்றல் போதாது. ஆகவே, விளையாட்டுக்கென விற்கப்படும் உயர்திறன் மடிக்கணினிகள் இப்பணிகளுக்குப் பெரிதும் ஏற்றவை. தனி வரைகலைச் செயலி உடைய இவை விரைந்து இயங்கும். அதனாலேயே மிகுந்த வெப்பத்தையும் வெளியிடும்.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. அதன் பின்னர், பழைய கணினிகளைப் புதிய தளத்திற்கு மாற்றும் முயற்சியில் பலரும் தொடக்க அமைப்புகளைத் திருத்தலாயினர். இத்திருத்தங்கள் முறை தவறினால், பல மாதக் களப்பதிவுகள் ஒரே நாளில் அழிந்துபோகக் கூடும். எனவே அவற்றின் தத்துவத்தை அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

முதற்கண் செய்யத்தக்கது

எந்த ஆணியைக் கழற்றுவதற்கும் முன்னர், கணினியிலுள்ள கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்தல் வேண்டும். அடுத்து, வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். பூட்டப்பட்டிருப்பின், அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்க. தொடக்க அமைப்பில் செய்யும் சிறு மாற்றமும் அக்குறியீட்டைக் கேட்கச் செய்யலாம். அது கைவசம் இல்லையேல் கோப்புகளைத் திறக்க வேறு வழியில்லை.

வேகம் குன்றுதல்

சில நிமிடங்கள் நன்கு இயங்கிப் பின் கணினி தளர்வுறுமாயின், வெப்பமே காரணம் என்று பெரும்பாலும் கருதலாம். செயலியின் வெப்பநிலை ஏறத்தாழ 95 முதல் 100 பாகை செல்சியஸை எட்டும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. வெப்பத் தகடுகளின் இடுக்குகளில் தூசி படிவதும், செயலிக்கும் செப்புத் தகட்டிற்கும் இடையே தடவப்பட்ட வெப்பப் பசை காய்ந்துபோவதும் இதற்குரிய பொதுவான காரணங்களாம். தூசியை ஊதி அகற்றும்போது விசிறி இறக்கைகளைச் சுழலாதவாறு பிடித்துக்கொள்ளுதல் நலம்.

மற்றொரு காரணம் மின்னேற்றி. இத்தகைய கணினிகள் 180 அல்லது 230 வாட் வேண்டுவன. 65 வாட் மின்னேற்றியை இணைத்தால், கணினி இயங்கினும் முழுத் திறனைக் காட்டாது. புறத்தேயுள்ள இத்தகைய காரணங்களை ஆராய்ந்த பின்னரே உட்பாகங்களை ஐயுறுதல் முறை.

நினைவகமும் வட்டும்

ரேம் நினைவகம் போதாதபோது, கணினி வட்டின் ஒரு பகுதியை நினைவகமாகப் பயன்படுத்தத் தலைப்படும். வட்டு நினைவகத்தினும் மிக மெதுவானதாகையால் பணி தடைப்படுகிறது. புதிய நினைவகம் வாங்குமுன் அதன் வகையை அறிக. மடிக்கணினிக்குரிய டிடிஆர்4 தகட்டில் 260 தொடுமுனைகளும், டிடிஆர்5 தகட்டில் 262 தொடுமுனைகளும் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. 16 ஜிபி தகடு ஒன்றை இடுவதினும், 8 ஜிபி தகடுகள் இரண்டை இடுதல் பொதுவாக மேலானது; இரு வழிகளிலும் ஒருங்கே தரவு செல்லும்.

திடநிலை வட்டுகளில் பெரும்பாலானவை 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்டவை. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும் அவற்றில் சாட்டா, என்விஎம்இ என இரு வகைகள் உள்ளன. முன்னது நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி அளவும், பின்னது 3,000 எம்பிக்கு மேலும் படிக்க வல்லது. கணினியின் பொருத்துமிடம் எவ்வகையை ஏற்கும் என்பதைக் கையேட்டில் கண்டுகொள்க. பாகங்களைத் தொடுமுன் கணினியை அணைத்து, மின்னேற்றியை நீக்கி, உள்ளிருக்கும் மின்கல இணைப்பையும் பிரித்துவிடுதல் வேண்டும்.

தொடக்க அமைப்புகள்

மின்பொத்தானை அழுத்தியவுடன் முதலில் விழித்தெழுவது இயங்குதளம் அன்று. தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறு நிரலேயாம். அது பாகங்களைச் சோதித்து, வட்டிலுள்ள இயங்குதளத்தைத் தேடி அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. பழைய முறைக்குப் பயாஸ் என்றும், புதிய முறைக்கு யுஇஎஃப்ஐ என்றும் பெயர். கணினி தொடங்கும் தறுவாயில் எஃப்2 அல்லது டெலிட் விசையை அழுத்தினால், பெரும்பாலான கணினிகளில் இவ்வமைப்புப் பக்கம் தோன்றும்.

வட்டின் பகுப்பு அட்டவணையும் இரு வகைப்படும். எம்பிஆர் என்பது பழைய முறைக்கும், ஜிபிடி என்பது புதிய முறைக்கும் உரியது. விண்டோஸ் 11 தளம் யுஇஎஃப்ஐ முறையையும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறையும் வேண்டுகிறது. இதனை அறிந்த ஒருவர், எம்பிஆர் வட்டை அப்படியே வைத்துக்கொண்டு அமைப்பை மட்டும் யுஇஎஃப்ஐக்கு மாற்றினால், “தொடங்குதற்குரிய வட்டு இல்லை” என்ற பொருள்பட அறிவிப்புத் தோன்றும். வட்டு கெட்டுவிட்டதென்று கருதி அதனை அழித்துப் புதிதாக நிறுவுவோர் உண்டு. உண்மையில் வட்டிற்கு யாதொரு பழுதும் இல்லை. அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்பினால் கணினி முன்போல் தொடங்கும். அதன்பின் விண்டோஸில் உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்னும் கருவியைக் கொண்டு, கோப்புகளை அழிக்காமலே அட்டவணையை மாற்றிக்கொள்ளலாம்.

வட்டுக் கட்டுப்பாட்டு முறையை ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கோ மாற்றினாலும் இத்தகைய தடையே நேரும். கணினியின் தேதி அடிக்கடி பின்னோக்கிச் செல்லுமாயின், கடிகாரத்திற்கான சிறு மின்கலம் தீர்ந்திருக்கலாம். தேதி பிழையாயின் இணையத் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களும் செல்லாதனவாகத் தோன்றும்.

நினைவில் கொள்ளத்தக்க விதிகள்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்க; அதன் விளைவைக் கண்டபின் அடுத்ததற்குச் செல்க. மாற்றுமுன் அமைப்புப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்க. பயாஸ் நிரலைப் புதுப்பிக்கும்போது மின்கலம் நிரம்பியும் மின்னேற்றி இணைந்தும் இருத்தல் வேண்டும். இடையில் மின்சாரம் அற்றுப்போயின் தாய்ப்பலகையே பயனற்றதாகலாம். வீங்கிய மின்கலத்தைக் குத்துதலோ அழுத்துதலோ கூடாது; உடனே பயன்பாட்டை நிறுத்துக.

விண்டோஸ் 11 ஏற்காத கணினியையும் குப்பையெனத் தள்ள வேண்டுவதில்லை. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் முதலிய லினக்ஸ் தளங்களை நிறுவி, எழுத்துப் பணிக்கும் வகுப்பறைக்கும் அதனை இன்னும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம். வட்டையும் நினைவகத்தையும் மீண்டும் வாங்க இயலும். முதியவர் ஒருவரின் பேச்சுப் பதிவையோ, சிதைந்துபோன கல்வெட்டின் படத்தையோ மீண்டும் பெறுதல் இயலாது. ஆதலின் பழுதுபார்ப்போர் கணினியினும் மேலாகக் காக்க வேண்டுவது அதனுள் இருக்கும் பதிவுகளையே ஆகும்.