உடம்புக்கும் தேய்மானம் உண்டு!

ஆபீஸுக்கு ஒரு நாற்காலி வாங்குகிறோம். ரூ.3,000 என்று பேரேட்டில் எழுதிவிட்டு, வருஷா வருஷம் கொஞ்சம் கழித்துக்கொண்டே வருவோம். அதற்குப் பெயர் தேய்மானம். சரி, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆசாமிக்கும் இப்படியொரு கணக்கு உண்டா?

உண்டு ஸார்! அந்தப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தவர் ஒரு பெண்மணி. பெயர் எலிசபெத் பிளாக்பர்ன்.

1948-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கி, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் ஆராய்ந்தது மனிதனையோ குரங்கையோ அல்ல. குளத்துத் தண்ணீரில் நீந்தும் டெட்ராஹைமீனா என்ற ஒற்றைச் செல் ஜந்துவை! 'இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறாங்க?' என்று அவசரப்படாதீர்கள். காரணம் இருக்கிறது.

நம் செல் ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள், நூல் நூலாக. புடவை முந்தானையில் நூல் பிரியாமலிருக்கக் குஞ்சம் கட்டுகிறார்கள் அல்லவா? அதுபோல ஒவ்வொரு குரோமோசோமின் இரு முனையிலும் ஒரு காப்பு. பெயர் டெலோமியர். செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் குஞ்சம் கொஞ்சம் குட்டையாகும். ரொம்பக் குட்டையாகிவிட்டால் செல் பிரிவதையே நிறுத்திவிடும். அதாவது, ரிடையர்மென்ட்!

டெட்ராஹைமீனாவிடம் குட்டிக் குட்டிக் குரோமோசோம்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. முனைகளை ஆராய இதைவிட வசதி ஏது? அந்த முனைகளில் ஒரே ஆறெழுத்துச் சங்கேதம் திரும்பத் திரும்ப வருவதை 1978-ல் வெளியிட்டார் பிளாக்பர்ன். ஆனால் ஒரு சந்தேகம். இந்த ஜந்து எத்தனை தடவை பிரிந்தாலும் தேய்ந்து போகவில்லையே! யாரோ ரகசியமாக வரவு வைக்கிறார்கள். யார் அது?

1984, கிறிஸ்துமஸ் தினம். பெர்க்லியில் பிளாக்பர்னின் மாணவி கரோல் கிரைடர், ஊரே கேக் வெட்டிக்கொண்டிருக்க, லேபுக்குப் போய்ப் பரிசோதனை ஃபிலிமைப் பார்த்தார். திருடன் சிக்கிவிட்டான்! முனையில் புதிதாகச் சேர்த்து ஒட்டும் என்ஸைம். பிற்பாடு டெலோமரேஸ் என்று பெயர் வைத்தார்கள். 2009-ல் இவர்கள் இருவருக்கும் ஜாக் ஷோஸ்டாக்குக்கும் மருத்துவ நோபல் பரிசு. டெலிபோன் அடித்தபோது கிரைடர் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாராம்!

அப்படியானால் டெலோமரேஸைத் தூண்டிவிட்டால் என்றும் பதினாறா?

அங்கேதான் ஆடிட் ஆட்சேபணை. நம் உடம்பின் பெரும்பாலான செல்களில் இந்த என்ஸைம் தூங்குகிறது. விழித்துக்கொண்டு ராப்பகலாக உழைப்பது எங்கே தெரியுமா? புற்றுநோய்ச் செல்களில்! புற்றுநோய்களில் 85 முதல் 90 சதவீதம் வரை இதன் தயவில்தான் சாகாமல் பெருகுகின்றன. அதாவது, தேய்மானம் என்பது வெறும் நஷ்டமல்ல, பிரேக்கும்கூட. பிரேக்கைக் கழற்றிவிட்டால் வண்டி வேகமாகத்தான் போகும். எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வி.

ஒரேயடியாகத் தேய்ந்தாலும் ஆபத்துதான். டெலோமியரைப் பராமரிக்கும் ஜீன்களில் பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்யத் திணறும், நுரையீரல் இறுகிப்போகும். ஆக, கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு. வரவும் செலவும் டாலியாக வேண்டும்.

2004-ல் பிளாக்பர்னும் மனநல நிபுணர் எலிஸா எபெலும் 58 தாய்மார்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 39 பேர் தீராத நோயுள்ள குழந்தையைப் பராமரிப்பவர்கள். மனஅழுத்தம் மிக அதிகம் என்று சொன்னவர்களின் டெலோமியர், பத்து வருஷம் கூடுதலாகத் தேய்ந்தது போலிருந்தது. உடனே 'மேனேஜர்தான் என் டெலோமியரைத் தின்கிறார்' என்று மெமோ எழுதிவிடாதீர்கள். 58 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. தவிர, லேபில் வளரும் எலிக்கு நம்மைவிட நீளமான டெலோமியர். ஆயுளோ இரண்டு மூன்று வருஷம்தான்! முதுமைக்கு இது ஒரு கணக்கு. இதுவே முழுக் கணக்கு அல்ல.

எனவே, டெலோமியரை அளந்து 'நிஜ வயசு' சொல்கிறோம், வளர வைக்க மாத்திரை தருகிறோம் என்று விளம்பரம் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். டெலோமியர் வளருமோ வளராதோ, பர்ஸ் தேய்வது நிச்சயம்!