ஓய்வுநேர நிரலாளர்கள் – 14: மூன்று மா கூட்டினால் எவ்வளவு?

1999 சென்னை மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை தேறி வந்ததோடு போன வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் 2022 டிசம்பரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் போவதாகப் பேச்சு. போகலாம். வழியில் ஒரு நெல் வயல் குறுக்கிட்டுவிட்டது. அதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

2019 மார்ச் 5 அன்று யூனிகோடின் 12.0 பதிப்பு வெளியானது. புதிதாகச் சேர்ந்தவை 554 குறிகள். ஊர் பேசியதெல்லாம் அவற்றில் 61ஆக இருந்த எமோஜிகளைப் பற்றித்தான்: நீர்நாய், பூநாரை, தேவாங்கு போல ஒன்று, வாஃபிள். அதே பட்டியலில் ‘தமிழ் சப்ளிமென்ட்’ என்ற பெயரில் 51 குறிகள் ஓசையில்லாமல் உள்ளே நுழைந்தன.

என்னென்ன தெரியுமா? முந்திரி, அரைக்காணி, காணி, மா, வீசம், அரைக்கால், முக்கால் என்று பின்னங்கள். செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு என்று முகத்தல் அளவுகள். காசு, பணம், பொன், வராகன். குழி, வேலி. நன்செய்க்கு ஒரு குறி, புன்செய்க்கு ஒன்று, உப்பளத்துக்கும் ஒன்று. வரவு, செலவு, மொத்தம். ‘வகையறா’வுக்குக்கூடத் தனிக்குறி! எல்லாவற்றுக்கும் மேலாக, நெல்லுக்கு ஒரு குறி. டெல்டாக் கிராமத்துக் கணக்குப்பிள்ளையின் ஏட்டுப் பெட்டியை அப்படியே கவிழ்த்தது போன்ற பட்டியல். மதுரை மீனாட்சி கோயிலில் முக்குறுணி அரிசியில் கொழுக்கட்டை வாங்கிக்கொள்ளும் பிள்ளையாரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முக்குறுணிக்கும் இப்போது கணினியில் இடம் உண்டு.

இவற்றுக்கான முன்மொழிவை 2012இல் எழுதியவர் ஸ்ரீரமண சர்மா. 2014இல் யூனிகோடில் சேர்ந்த கிரந்த எழுத்துக்கும் முன்மொழிவு எழுதியவர் இவர்தான். ஆசைப்பட்டு எழுதிப் போட்டால் அங்கே ஏற்க மாட்டார்கள். ஒவ்வொரு குறியும் எங்கே, எப்படிப் புழங்கியது என்று அச்சிலிருந்தோ ஏட்டிலிருந்தோ சான்று காட்ட வேண்டும். அரைக்கு இரண்டு வடிவம், வீசத்துக்கு இரண்டு வடிவம் என்று பட்டியலில் இருப்பது அந்தத் தேடலின் மிச்சம்தான். முன்மொழிவுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே ஏழு ஆண்டுகள்.

இனி வயலுக்குள் இறங்கலாம். டெல்டாவில் இன்றும் நிலத்தை மாவில்தான் சொல்வார்கள். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. ஏறக்குறைய மூன்று மா ஒரு ஏக்கர். பின்னக் கணக்கிலும் மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று, அதாவது கால் மா. முந்திரி 320இல் ஒன்று. மூன்று மாவுக்கு, அதாவது மும்மாவுக்கு, யூனிகோடில் தனிக்குறியே இருக்கிறது.

கும்பகோணத்தில் ஒரு நிரலாளர், ஞாயிற்றுக்கிழமை மதியம், வேலி–மா கணக்குப் போடும் சிறு செயலி ஒன்றை எழுத உட்காருகிறார் என்று வையுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் 0.05ஐ மூன்று முறை கூட்டச் சொல்கிறார். விடை 0.15 வேலி வர வேண்டும். கணினி சொல்வது 0.15000000000000002. பைத்தானில் கேட்டாலும் இதே பதில்தான். வீசம், அதாவது பதினாறில் ஒன்று, கணினிக்குப் பிசகாமல் வரும்; பதினாறு இரண்டின் அடுக்கு. இருபதுக்குள் ஒரு ஐந்து ஒளிந்திருக்கிறது. இரும எண்ணில் அது முடிவில்லாமல் நீளும், எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். வரப்புத் தகராறுக்குப் பேர்போன ஊரில் அந்தக் கடைசி 2 யாருக்குச் சேரும்?

கணக்குப்பிள்ளைக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர் தசமத்தில் எழுதவில்லை, பின்னங்களை வரிசையாக அடுக்கினார். பற்றாவிட்டால் ‘கீழ்’ என்று ஒரு குறி: அதற்குப் பின்னால் வருவதை 320ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். கீழ் முந்திரி என்றால் 1,02,400இல் ஒன்று. அதற்கும் கீழே போகலாம். ராஜராஜன் கால நில அளவையில் வேலியின் 52,428,800,000இல் ஒரு பங்குவரை கணக்கு வைத்தார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: 320ஐ நான்கு முறை பெருக்கி, ஐந்தால் பெருக்கினால் சரியாக வந்து நிற்கும். இன்றைய 6.67 ஏக்கர் வேலியில் அது அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு நெல்மணியைக்கூட அதில் படுக்கவைக்க முடியாது! நம் கும்பகோணத்துக்காரருக்கும் வழி உண்டு. பைத்தானோடு வரும் ‘ஃபிராக்ஷன்ஸ்’ தொகுதி பின்னத்தைப் பின்னமாகவே வைத்துக்கொள்ளும், கணக்குப்பிள்ளையின் வழி.

இன்னொரு வேடிக்கை. யூ.டி.எஃப்–8 குறியாக்கத்தில் சாதாரணத் தமிழ் எழுத்து மூன்று பைட். நெல் குறி நான்கு பைட். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ‘யூடிஎஃப்8’ என்ற பழைய அமைப்பு மூன்று பைட்டுக்கு மேல் கொள்ளாது. நெல் உள்ளே போகாது. உலகமே எமோஜி அனுப்பத் தொடங்கியதும் அதே இடைஞ்சல் அங்கேயும் வந்தது. எமோஜியும் நான்கு பைட். சிரிப்பு முகத்துக்காக நிரலாளர்கள் கதவை அகலப்படுத்தினார்கள், பின்னாலேயே நெல் மூட்டையும் உள்ளே போய்விட்டது.

குறிகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. கூகுளின் ‘நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்’ எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் தமிழ்99இல் இவற்றுக்கு விசை கிடையாது. ஒரு விசைப்பலகை, மாவும் குழியும் பிசகாமல் கூட்டும் ஒரு கணக்கி: இரண்டும் ஓய்வுநேர வேலைக்கு அளவெடுத்துத் தைத்தவை. மாநாட்டுக் கதை அடுத்த வாரம், நிச்சயமாக. அதற்குள் உங்கள் வீட்டுப் பரணில் பழைய கணக்கு ஏடு ஏதும் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையில் காட்டிவிட்டு வாருங்கள்.