“குறையே கூடாது” என்னும் மனப்போக்கு: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

எச்செயலிலும் சிறு குறையும் நேரக்கூடாது என்றும், நேர்ந்தால் தம் மதிப்பே போய்விடும் என்றும் கருதும் மனப்போக்கு முழுமைவாதம் எனப்படும். இது தனியொரு நோய் அன்று. எனினும் மனப்பதற்றம், மனச்சோர்வு, உறக்கமின்மை ஆகியவற்றுடன் நெருங்கிய தொடர்புடையது.

கடின உழைப்பு வேறு, முழுமைவாதம் வேறு. ஊக்கத்துடன் படிக்கும் மாணவர் 96 மதிப்பெண் பெற்றால், விடுபட்ட நான்கை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்வார். முழுமைவாதத்தில் சிக்கியவர் அந்த நான்கையே வாரக்கணக்கில் எண்ணி வருந்துவார். அல்லது குறை வந்துவிடுமோ என்று அஞ்சி, வேலையைத் தொடங்காமலே தள்ளிப்போடுவார். வீட்டார் சோம்பல் என்று கடிந்துகொள்வது சில வேளைகளில் இந்த அச்சமே.

பால் ஹெவிட், கார்டன் ஃபிளெட் என்னும் உளவியலாளர்கள் 1991-இல் இதனை மூன்று வகையாக விளக்கினர். தம்மிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது ஒன்று. பிறரிடம் எதிர்பார்ப்பது மற்றொன்று. பிறர் தம்மிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது மூன்றாவது. மனத்தை மிகுதியும் வருத்துவது இம்மூன்றாவது வகையே.

நாமக்கல் மாவட்டப் பெற்றோருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடுதியுடன் கூடிய தனியார் பள்ளிகளும் “சென்டம்” என்ற சொல்லும் இங்கு வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடப் பட்டியல் வெளியிடும் முறையைத் தமிழ்நாடு அரசு 2017-இல் கைவிட்டது. பட்டியல் நின்றது, “ரெண்டு மார்க் எங்க போச்சு கண்ணு?” என்று உறவினர் கேட்பது நிற்கவில்லை. கேட்பவர் அன்பாகவே கேட்கிறார். ஆனால் பிள்ளையின் காதில், தான் போதவில்லை என்றே அது விழுகிறது.

எங்கே தளரலாம்?

எல்லாவற்றிலும் அலட்சியமாக இருக்கலாம் என்பது இதன் பொருளன்று. லாரி பாடி கட்டும் பட்டறையில் பிரேக்கைச் சரிபார்ப்பதில் தளர்வு கூடாது. பக்கப்பலகையில் தீட்டிய பூவின் ஓர் இதழ் சற்றுக் கோணலானால் வண்டி நிற்காது. படுக்கையில் இருக்கும் முதியவருக்கு மருந்தின் அளவும் வேளையும் தவறக்கூடாது. அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும் அத்தகையதே. அன்று வீடு துடைக்கப்படாமல் இருந்தால் கேடில்லை. “நான் செய்தால்தான் சரியாக இருக்கும்” என்று எவரையும் அருகில் விடாத பராமரிப்பாளர், சில மாதங்களில் தாமே நோயாளி ஆகிவிடக்கூடும்.

நீண்டகால நோய் உள்ளவர்களிடம் இம்மனப்போக்கு வேறு உருவில் வருகிறது. கிடா விருந்தில் ஒருவேளை உணவுக் கட்டுப்பாடு தவறியதும், “எல்லாம் கெட்டுவிட்டது” என்று அந்த மாதம் முழுவதும் நடைப்பயிற்சியையும், சில வேளைகளில் மாத்திரையையும்கூட விட்டுவிடும் சர்க்கரை நோயாளிகள் உள்ளனர். தவறியது ஒருவேளைதான். அடுத்த வேளையே வழக்கத்திற்குத் திரும்பினால் போதும்.

பழகும் முறை

வேலையைத் தொடங்கும் முன்பே, எவ்வளவு செய்தால் போதும் என்று முடிவுசெய்துகொள்ளவும். செய்துகொண்டிருக்கும்போது அந்த எல்லையை மாற்ற வேண்டாம். வாரம் ஒருமுறை, தீங்கு விளையாத ஒரு செயலை வேண்டுமென்றே சற்றுக் குறையுடன் விட்டு, உண்மையில் என்ன நேர்கிறது என்று கவனிக்கவும். பெரும்பாலும் எவரும் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் பயன்படும் முறை இது. முதல் சில முறை பதற்றம் கூடுவது இயல்பே. குடும்பத்தினர் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் பிள்ளை உண்டதையும் உறங்கியதையும் கேட்கலாம்.

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமோ பசியோ குறைந்திருந்தால், அல்லது பூட்டியதையும் எழுதியதையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதிலேயே நாளின் பெரும்பொழுது கழிந்தால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகவும். வாழ்ந்து பயனில்லை என்று எவரேனும் கூறினால் அவரைத் தனியே விடாமல் உடனே அழைத்து வரவும். 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் மனநல ஆலோசனையைத் தமிழிலேயே 24 மணி நேரமும் பெறலாம். 104 என்ற மருத்துவ உதவி எண்ணையும் அழைக்கலாம்.