முதுமையில் கூடுதல் மருத்துவக் காப்பீடு: வாங்குவதற்கு முன் அறிய வேண்டியவை

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் வாழும் 60 வயதைக் கடந்தோருக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் இவ்விளக்கம் எழுதப்பட்டுள்ளது. தொண்டியிலோ சாயல்குடியிலோ தங்கச்சிமடத்திலோ முதியவர் ஒருவருக்கு மாரடைப்போ இடுப்பெலும்பு முறிவோ ஏற்படும்போது, குடும்பம் இரண்டு கேள்விகளை ஒரே நேரத்தில் எதிர்கொள்கிறது: எங்கே கொண்டு செல்வது, பணத்துக்கு என்ன செய்வது. இரண்டாவது கேள்விக்கு அஞ்சித் தனியார் பாலிசி எடுப்போர் பலரும், தங்களுக்கு ஏற்கெனவே என்ன பாதுகாப்பு உள்ளது என்பதைப் பார்ப்பதில்லை. அதனால் இருப்பதையே மீண்டும் விலைகொடுத்து வாங்குகின்றனர்; உண்மையான இடைவெளி மூடப்படாமலே இருந்துவிடுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அவசர நிலையில் எந்த அட்டையையும் தேடி நேரத்தை இழக்க வேண்டாம். 108 ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கு சிகிச்சை தொடங்குவதற்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை. ஆவணங்களை உறவினர் பின்னர் கொண்டுவரலாம்.

உங்களிடம் ஏற்கெனவே உள்ளவை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11 முதல் நடைமுறையில் உள்ளது. 2018 இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு, ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை, அங்கீகரிக்கப்பட்ட அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். இதய அறுவை சிகிச்சை, புற்றுநோய்ச் சிகிச்சை, டயாலிசிஸ், மூட்டு மாற்று ஆகியன உள்ளிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் இதில் அடங்கும். ஏற்கெனவே நோய் இருந்தாலும் காத்திருப்புக் காலம் கிடையாது. முதியோருக்கு இது மிகப் பெரிய சலுகை. எந்தத் தனியார் பாலிசியை மதிப்பிடும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

இத்திட்டத்தில் சேரக் குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குச் செல்ல வேண்டும். பெற்றோரின் பெயர் குடும்ப அட்டையில் உள்ளதா என்று இன்றே பாருங்கள். ஒரு மகனின் அட்டையிலிருந்து நீக்கி, மற்றொரு மகனின் அட்டையில் சேர்க்காமல் விட்ட பெயர்கள், மருத்துவமனையில் அனுமதிக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் தெரியவருகின்றன. மண்டபம் உள்ளிட்ட முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இத்திட்டத்தில் வருமான வரம்பு இல்லை. விவரங்களுக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993.

70 வயது நிறைந்தோருக்கு, வருமானம் எவ்வளவாயினும், ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரையிலான பாதுகாப்பை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று ‘ஆயுஷ்மான் வய வந்தனா’ என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. ஆதாரில் உள்ள வயதே கணக்கு. ஒரே குடும்பத்தில் 70 வயதைக் கடந்தோர் இருவர் இருப்பின் இத்தொகை இருவருக்கும் பொது. தனியார் பாலிசி வைத்திருப்போரும் இதற்குத் தகுதியுடையவர்களே. உங்கள் பெயரைப் பதிவு செய்வது எப்படி, அருகில் எந்த மருத்துவமனை இதனை ஏற்கிறது என்பனவற்றை 14555 என்ற எண்ணில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாநில அரசு ஓய்வூதியருக்கு அவர்களுக்கென்றே தனிக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அதில் 5 இலட்சம் ரூபாய் என்பது நான்காண்டுத் தொகுதிக்கான மொத்த வரம்பு. ஆண்டுதோறும் புதிதாகக் கிடைப்பதன்று. இம்மாவட்டத்தில் கணிசமாக உள்ள முன்னாள் படைவீரர்களுக்கு, அவர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் உள்ளது. மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டை மட்டும் பலர் மருத்துவக் காப்பீடு என்று தவறாக எண்ணியுள்ளனர். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் வரும் அந்தக் காப்பீடு, விபத்து மரணத்துக்கு 5 இலட்சம் ரூபாயும் விபத்தினால் மருத்துவமனையில் சேர்ந்தால் 25,000 ரூபாயும் அளிக்கிறது. வயது வரம்பு 18 முதல் 70 வரை. மாரடைப்புக்கோ பக்கவாதத்துக்கோ அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது.

இடைவெளி எங்கே உள்ளது

அரசுத் திட்டத்தில் உள்ள குடும்பத்துக்குச் சிகிச்சைக் கட்டணத்தைவிட அதனைச் சுற்றியுள்ள செலவே பெருஞ்சுமை. இராமேசுவரத்திலிருந்து மாவட்டத் தலைநகர் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். உடன் தங்குபவரின் உணவு, போக்குவரத்து, கடலுக்குச் செல்லாத நாள்களின் வருமான இழப்பு ஆகியவற்றை எந்தச் சிகிச்சைத் தொகுப்பும் ஈடுசெய்யாது. இக்குடும்பங்களுக்கு ஏற்றது, மருத்துவமனையில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் குறிப்பிட்ட தொகை வழங்கும் தினப்படிக் காப்பீடு. மருத்துவமனை ரசீது எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை. ஆகவே இலவசச் சிகிச்சை பெற்றாலும் தொகை கிடைக்கும். அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்த நாள்களும் கணக்கில் சேருமா, எத்தனை நாள் வரை, எந்த நோய்களுக்கு எவ்வளவு காத்திருப்பு என்பதைப் பாலிசிப் பத்திரத்தில் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

வருமான வரம்பைக் கடந்த, ஆனால் 70 வயதை எட்டாத முதியோரின் நிலை வேறு. கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் பணிபுரிய, பெற்றோர் இங்கே தனியே வாழ்கின்றனர். இவர்களுக்கு அரசுத் திட்டமும் இல்லாமல், தனியார் பாலிசியும் இல்லாமல் போகக்கூடும். கூடுதல் காப்பீட்டின் தேவை உண்மையில் இவர்களுக்கே அதிகம். பிள்ளை இந்திய நிறுவனமொன்றில் பணிபுரிந்தால், அந்நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். குழுக் காப்பீடுகள் பலவற்றில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. வேலையை விட்டால் அது முடிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாதாந்திர மாத்திரை, இரத்தப் பரிசோதனை, மூக்குக் கண்ணாடி, செவிப்புலன் கருவி ஆகியவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை அரசு மருத்துவமனையிலும், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக வீட்டிலும் இலவசமாகப் பெறலாம்.

படிவத்தில் உண்மையை எழுதுங்கள்

இந்திய காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024 இல் விதிகளை மாற்றியமைத்தது. 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி கிடையாது என்ற நிலை மாறி, எல்லா வயதினருக்கும் பாலிசிகள் வகுக்கப்பட வேண்டும் என்றாயிற்று. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 48 மாதத்திலிருந்து அதிகபட்சம் 36 மாதமாகக் குறைக்கப்பட்டது. தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடந்தபின், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, தகவலை மறைத்ததாகக் கூறிக் கோரிக்கையை மறுக்க முடியாது.

முகவர்கள் சிலர், ‘சர்க்கரை இருப்பதை எழுதாதீர்கள், பரிசோதனையே கிடையாது’ என்று அறிவுறுத்துவதாக நோயாளிகளே எங்களிடம் கூறுகின்றனர். இதனை ஏற்க வேண்டாம். மருத்துவமனையில் சேர்ந்தவுடன் நாங்கள் கேட்கும் முதற்கேள்விகளில் ஒன்று, எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது என்பது. நீங்கள் கூறும் விடை நோயாளிக் குறிப்பேட்டில் பதிவாகிறது. சரியான சிகிச்சைக்கு அது இன்றியமையாதது. காப்பீட்டு நிறுவனம் பின்னர் அந்தக் குறிப்பேட்டின் நகலைப் பெறும். பாலிசிக்கு முந்தைய காலத்திலேயே நோய் இருந்ததைக் கண்டால் கோரிக்கையை மறுக்கும், பாலிசியையே இரத்து செய்யவும் கூடும். அந்நேரத்தில் குறிப்பேட்டைத் திருத்தித் தருமாறு குடும்பத்தினர் கண்ணீருடன் கேட்பதுண்டு. எந்த மருத்துவராலும் அதனைச் செய்ய இயலாது. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியே பெற்றோருக்குப் பாலிசி எடுக்கும் பிள்ளைகள், அம்மா என்னென்ன மாத்திரை உட்கொள்கிறார் என்பதைத் தொலைபேசியில் கேட்டறிந்த பின்னரே படிவத்தை நிரப்ப வேண்டும். ‘ஒன்றுமில்லை, நலமாகத்தான் இருக்கிறேன்’ என்று அவர் கூறுவதை மட்டும் நம்ப வேண்டாம். மாத்திரை அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நோயைத் தெரிவித்தால் பிரீமியம் கூடலாம். 36 மாதம் காத்திருக்கவும் நேரலாம். ஆகவே கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. எடுத்துக்காட்டாக, 68 வயதுடைய, நீண்டகாலச் சர்க்கரை நோயுள்ள ஒருவருக்கு ஆண்டுப் பிரீமியம் 40,000 ரூபாய் எனக் கொள்வோம். மூன்றாண்டில் 1,20,000 ரூபாய் செலுத்திய பிறகே சர்க்கரை நோய் சார்ந்த சிறுநீரகப் பாதிப்புக்கோ காற்புண்ணுக்கோ பணம் கிடைக்கும். அதற்குள் அவருக்கு 71 வயதாகியிருக்கும். 70 வயது முதலே மூத்தோருக்கான மத்திய அரசுத் திட்டத்துக்கு அவர் தகுதி பெற்றுவிடுவார். இத்தகையோர் அத்தொகையை வங்கியில் தனியே சேர்த்து வைப்பதே பெரும்பாலும் மேல் என்பது எமது கருத்து. நோயற்ற 60 வயதினருக்கு இக்கணக்கு பொருந்தாது. அவர்கள் தாமதிப்பதால்தான் இழப்பு.

விலை குறைந்த பாலிசியின் நிபந்தனைகள்

மூத்தோர் பாலிசிகள் பலவற்றில் இணைக்கட்டணம் உண்டு. ஏற்கத்தக்க செலவில் 20 சதவீதத்தை நீங்களே செலுத்த வேண்டும் என்பது இதற்கு எடுத்துக்காட்டு. அறை வாடகை வரம்பு இன்னொன்று. இவ்விரண்டும் சேர்ந்தால் நேர்வதைப் பாருங்கள். நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு, 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்குகிறீர்கள். அறைக்கு 32,000, அறுவை மற்றும் செவிலியர் கட்டணம் 80,000, மருந்து, பரிசோதனை, உட்பொருத்தும் கருவி ஆகியவற்றுக்கு 48,000. மொத்தம் 1,60,000 ரூபாய். வரம்பை மீறியதால் அறைக்கு 20,000 மட்டுமே ஏற்கப்படும். அதே விகிதத்தில் அறுவைக் கட்டணமும் 50,000 ஆகக் குறைக்கப்படும். மருந்து, பரிசோதனை, கருவி ஆகியவற்றில் இந்த விகிதக் குறைப்புச் செய்யக்கூடாது என்பது விதி. ஆகவே அவை முழுமையாக ஏற்கப்படும். ஆகமொத்தம் 1,18,000. அதில் 20 சதவீதம் உங்கள் பங்கு. நிறுவனம் தருவது 94,400. நீங்கள் கட்ட வேண்டியது 65,600 ரூபாய். வரம்புக்குட்பட்ட அறையில் தங்கியிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

ஒப்பிட எளிதானது ஆரோக்கிய சஞ்சீவனி என்னும் பொதுப் பாலிசி. 2020 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே நிபந்தனைகளுடன் இதனை விற்கின்றன. இணைக்கட்டணம் 5 சதவீதம். நிபந்தனை ஒன்றே என்பதால் விலையையும் அருகிலுள்ள மருத்துவமனைகளையும் மட்டும் ஒப்பிட்டால் போதும்.

டாப்-அப் எனப்படும் பாலிசி, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட செலவை மட்டும் ஏற்கும். அதனால் விலை குறைவு. 5 இலட்சம் ரூபாய்க்கு மேல் தொடங்கும் டாப்-அப்பை அரசுத் திட்டத்தின் மேல் எடுக்க விரும்பினால், அரசுத் திட்டத்தில் நடந்த சிகிச்சையின் செலவு அந்த 5 இலட்சத்தில் கணக்கிடப்படுமா என்பதை நிறுவனத்திடம் எழுத்து மூலம் பெறுங்கள். முகவரின் வாய்மொழி போதாது.

மருத்துவமனைப் பட்டியலையும் நேரில் சரிபாருங்கள். பணமில்லாச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன என்னும் விளம்பரத்தால் பாம்பனில் வாழ்பவருக்குப் பயனில்லை. இராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் எவை, மதுரையில் எவை என்று கேளுங்கள்.

வாங்கிய பிறகு

பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள், விருப்பமில்லையெனில் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தங்கள் போகப் பணம் திரும்பும். அந்நாள்களில் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு பத்திரத்தை முழுமையாகப் படிக்கச் செய்யுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமெனில் நிறுவனம் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என 2025 ஜனவரியில் ஆணையிடப்பட்டுள்ளது.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு முறையீடு அனுப்பி, ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையெனினும், பதில் நிறைவளிக்கவில்லையெனினும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனு அளிக்கலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. ஆணையத்தின் உதவி எண் 155255. அரசுத் திட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை, தொகுப்பில் அடங்கிய சிகிச்சைக்குத் தனியே பணம் கேட்டால், டிஸ்சார்ஜ் ஆகும் வரை காத்திராமல் அன்றே 1800 425 3993 என்ற எண்ணில் தெரிவியுங்கள்.