அமெரிக்க வேரும் பிரெஞ்சுக் கனியும்

ஒட்டு மாங்கனியைச் சுவைத்தறியாதவர் நம்மில் அரியர். மாவை நாம் ஒட்டுவது பெரும்பாலும் கனியின் சுவை கருதி. ஆனால் கொடி உயிர் பிழைக்க வேண்டுமே என்று, வேறு வழியின்றி ஒட்டு முறையைக் கைக்கொண்ட வரலாறும் ஒன்றுண்டு. அது திராட்சையின் வரலாறு.

1860களில் பிரான்சின் தென்பகுதித் தோட்டங்களில் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் வாடலாயின. இலை மஞ்சளித்து உதிரும். சில ஆண்டுகளில் கொடியே பட்டுப்போகும். தோண்டிப் பார்த்தோர் அழுகிய வேரையன்றி வேறொன்றும் கண்டிலர். 1868இல் மோன்பெலியே நகரத்துத் தாவர அறிஞர் பிளான்ஷோனும் அவர்தம் தோழர் இருவரும், செத்த கொடியை விடுத்து, வாடத் தொடங்கிய கொடியின் வேரை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினர். மஞ்சள் நிறச் சிறு பூச்சிகள் மொய்த்துச் சாறு உறிஞ்சிக் கொண்டிருந்தன. கொடி சாகுமுன்னரே அவை அடுத்த கொடிக்குக் குடிபெயர்ந்துவிடும். ஆதலின் செத்த வேரில் அகப்படவில்லை.

பைலாக்ஸெரா எனப்படும் அப்பூச்சி, அமெரிக்கக் கொடிகளுடன் கப்பலேறி வந்தது. தோட்டத்தில் நீரைத் தேக்கி மூழ்கடித்தனர். நச்சுத் திரவத்தை மண்ணுள் செலுத்தினர். எல்லாம் செலவு மிக்கவை. பரிகாரம் காண்போர்க்கு 3 லட்சம் பிராங்கு பரிசு என்று 1874இல் அரசு அறிவித்தது. அப்பரிசை எவரும் பெற்றிலர்.

பகை வந்த நாட்டிலேயே மருந்தும் இருந்தது. அமெரிக்கக் காட்டுக் கொடிகள் நெடுங்காலம் அப்பூச்சியோடு வாழ்ந்து பழகியவை. பூச்சி கடித்த இடத்தில் அவற்றின் வேர் தக்கை போன்ற திசுவை வளர்த்துப் புண்ணை அடைத்துக்கொள்ளும், அழுகல் உட்புகாது. ஆனால் அவற்றுட் பலவற்றின் கனி பிரெஞ்சுக்காரர் நாவுக்கு ஏற்கவில்லை. எனவே வேரை மட்டும் அமெரிக்கக் கொடியினின்று கொண்டு, அதன்மேல் தம் நாட்டுக் கொடியை ஒட்டினர். அடிப்பகுதியை வேர்ச்செடி என்றும் மேற்பகுதியை ஒட்டுக்குச்சி என்றும் சொல்வோம். வேறு பெயர்களும் உள, எமக்கு இவையே தெளிவாகத் தோன்றுகின்றன.

அந்நிய வேரால் தம் மதுவின் சுவை கெடுமென்று குடியானவர் பலர் அஞ்சினர். அஞ்சியதில் வியப்பில்லை, பாட்டன் வைத்த கொடியைத் தம் கையாலேயே பிடுங்க வேண்டியிருந்ததே! உண்மையில் ஒட்டில் இரு செடிகளும் கலந்துவிடுவதில்லை. பட்டைக்கு அடியில் உள்ள வளர் படலங்கள் ஒன்றோடொன்று பொருந்தி நீரும் உணவும் செல்ல வழிவிடுகின்றன, அவ்வளவே. கனி தன் இனத்தை மாற்றிக்கொள்வதில்லை.

பூச்சியை வென்ற வேர் மண்ணை வெல்லும் என்பதும் இல்லை. சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் அமெரிக்க வேர்கள் வெளிறி நலிந்தன. அதற்கேற்ற கொடி தேடி 1887இல் வியாலா என்ற அறிஞர் அமெரிக்கா சென்றார். டெக்சாஸ் மாநிலத்து மன்சன் துணைநின்றார். அங்குக் கண்ட பெர்லாண்டியரி இனம் சுண்ணாம்பைத் தாங்கிற்று. ஆயினும் குச்சி நட்டால் எளிதில் வேர் விடாது. வேறு இனங்களோடு கலந்தே அதைப் பயன்படுத்த முடிந்தது. நூறாண்டு கழித்துக் கலிபோர்னியாவில், ஐரோப்பியக் கலப்புடைய வேர்ச்செடியை நம்பியோர் 1980களில் அதே பூச்சியிடம் தோற்றுத் தோட்டங்களை மீண்டும் நட நேர்ந்தது.

நம் நாட்டில், மகாராஷ்டிரத்தின் நாசிக் பகுதியில், உவர் நீரையும் வறட்சியையும் தாங்குவதற்காக டாக்ரிட்ஜ் என்னும் வேர்ச்செடியை நடுகின்றனர். அது வேரூன்றி வளர்ந்தபின், மழைக்காலத்து இறுதியில் தண்டைப் பிளந்து, ஆப்பு வடிவில் சீவிய குச்சியைச் செருகிக் கட்டுகின்றனர். கட்டிய இடம் நிலத்துக்கு மேலேயே நிற்கவேண்டும். மண் மூடிவிட்டால் மேற்குச்சி தானே வேர் விடும். பிறகு அடியில் எந்த வேர்ச்செடி இருந்தும் பயனில்லை.