மணிச்சட்டமும் கப்பல் தலைவனின் வயதும்

ஆரம்பப் பள்ளியின் மூலையில், மரச் சட்டத்துக்குள் பத்துக் கம்பிகளும் கம்பிக்குப் பத்தாக நூறு வர்ண மணிகளும் கோக்கப்பெற்று, பெரும்பாலும் தூசி படிந்து நிற்கும் மணிச்சட்டத்தைப் பார்ப்பவர்கள், அதைப் பாலர்களின் விளையாட்டுச் சாமான் என்று எண்ணிப் போய்விடுவது வழக்கம். ஆனால் அக்கருவி பிரெஞ்சு நாட்டுப் பள்ளிகளுக்குள் புகுந்த கதையில் ஒரு யுத்தமும் ஒரு சிறைவாசமும் உண்டு. 1812-ஆம் ஆண்டில் நெப்போலியனுடைய சேனையோடு ருஷ்யாவுக்குச் சென்று, அங்கே சிறைப்பட்டு, வால்கா நதிக்கரையிலுள்ள சராத்தவ் நகரில் காலங்கழித்த பொன்ஸ்லே என்னும் இளம் பொறியியல் அதிகாரி, அந்நாட்டு வியாபாரிகள் கணக்குப் பார்க்கும் ‘ஸ்சோத்தி’ என்ற மணிக்கருவியை அறிந்துகொண்டார். 1814-இல் விடுதலை பெற்றுத் தம் ஊராகிய மெட்ஸுக்குத் திரும்பிய பின்னர், அதனைக் குழந்தைகளுக்கு எண் கற்பிக்கும் சாதனமாக அங்கே வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் வடிவ கணிதத்தில் பெரும்புகழ் பெற்ற அந்த மேதை, பாலர் வகுப்பையும் மறக்கவில்லை என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

கருவியின் விசேஷம் எங்கே இருக்கிறது? 28-ஐயும் 17-ஐயும் கூட்டச் சொன்னால், சிலேட்டுப் பிடித்த குழந்தை, “எட்டும் ஏழும் பதினைந்து, ஐந்தைப் போட்டு ஒன்றை மனதில் வை” என்று ஒப்பிக்கிறது. மனதில் வைத்த அந்த ஒன்று உண்மையில் பத்து என்பதை அது அறிந்துதான் சொல்கிறதா, வாய்ப்பாடாகச் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க உபாத்தியாயருக்கு வழியில்லை. மணிச்சட்டத்திலோ, மேல்கம்பியில் எட்டு மணிகளையும் அடுத்ததில் ஏழையும் இடப்புறம் தள்ளிய குழந்தை, மேல்கம்பி நிறைய இன்னும் இரண்டு வேண்டும் என்பதைக் கண்ணால் கண்டு, மேலே இரண்டைத் தள்ளிக் கீழே இரண்டைத் திருப்பி அனுப்புகிறது. மேலே பத்து, கீழே ஐந்து. பின்னர் கம்பிகளுக்கு ஒன்றின் இடம், பத்தின் இடம் என்று பெயரிட்டுவிட்டால், நிறைந்த பத்து மணிகளையும் வலப்புறம் அனுப்பி, அவற்றுக்கு ஈடாகப் பத்தின் கம்பியில் ஒரே மணியை நகர்த்துவதுதான் ‘மனதில் வைப்பது’ என்பது விரல்களுக்கே விளங்கிவிடுகிறது.

ஜப்பானியர் இதே தத்துவத்தை இன்னும் சுருக்கினர். அவர்களுடைய ‘சொரோபான்’ கருவியில் ஒவ்வொரு கம்பியிலும் குறுக்குப் பட்டைக்கு மேலே ஐந்து மதிப்புள்ள ஒரு மணியும், கீழே ஒன்று மதிப்புள்ள நான்கு மணிகளுமே உண்டு. எட்டு என்பது மேல்மணியும் கீழ்மணிகள் மூன்றும். அதோடு ஏழைக் கூட்ட ஏழு மணிகளைத் தேட வேண்டியதில்லை. ஏழு பத்தாக மூன்று குறைகிறது ஆகையால், அந்த மூன்று கீழ்மணிகளையும் விலக்கிப் பக்கத்துக் கம்பியில் ஒன்றை ஏற்றினால் பதினைந்து நிற்கிறது. கூட்டுவதற்காகக் கழிக்கும் இந்த விநோதமான அப்பியாசம் கைக்குப் பழகிவிட்டால், அதன் வேகம் நம்பத்தகாதது. 1946 நவம்பர் 12-ஆம் தேதி டோக்கியோவில், மட்சுசாகி என்ற ஜப்பானியர் சொரோபானோடும், உட் என்ற அமெரிக்கச் சிப்பாய் மின்சாரக் கணக்கு இயந்திரத்தோடும் போட்டியிட்டபோது, பெருக்கல் ஒன்றைத் தவிர மற்றவற்றிலெல்லாம் மணிகளே வென்று, நாலுக்கு ஒன்று என்று முடிந்தது. ஜப்பானின் ஆரம்பப் பள்ளிகளில் மூன்றாம், நான்காம் வகுப்புகளில் சொரோபான் இன்றும் பாடத்திட்டத்தில் இருக்கிறது.

இத்தனை பெருமையும் எதைக் கூட்டவேண்டும் என்று தெரிந்த பின்னர்தான். எதைக் கூட்டுவது, கூட்டத்தான் வேண்டுமா என்பதை எந்த மணியும் சொல்வதில்லை. 1979-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரத்துக் கணித ஆசிரியர் குழுவொன்று, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் வேண்டுமென்றே ஒரு பொருளற்ற கணக்கைக் கொடுத்தது: ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன? பெரும்பாலான பிள்ளைகள் சற்றும் தயங்காமல் 36 என்று எழுதிவிட்டார்கள். கூட்டலில் பிழையே இல்லை! பிள்ளைகளை நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை என்பது என் கருத்து. கணக்கில் இரண்டு எண்கள் வந்தால் ஏதேனும் செய்து விடை எழுதியே தீரவேண்டும் என்று வருஷக்கணக்காக அவர்களுக்குப் போதித்தவர்கள் நாமே.

நம் வகுப்பறைகளிலும் ‘மொத்தம்’, ‘அதிகம்’ என்றால் கூட்டு, ‘மீதி’, ‘குறைவு’ என்றால் கழி என்று குறுக்குவழி சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. அவர்களிடம் படித்த பிள்ளையிடம், “ராமனிடம் 8 மாம்பழங்கள் உள்ளன, அவை கோபாலனிடம் உள்ளவற்றைவிட 3 அதிகம், கோபாலனிடம் எத்தனை?” என்று கேட்டுப் பாருங்கள், ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்டதும் பதினொன்று என்று பதில் வரக்கூடும். மூலையில் நிற்கும் மணிச்சட்டம் மறுபடியும் பிரயோஜனப்படும் இடம் இது. ஒரு கம்பியில் ராமனுக்கு எட்டு மணிகளைத் தள்ளச் சொல்லி, அடுத்த கம்பியைக் கோபாலனுக்கு ஒதுக்கி, ராமனுடையவை மூன்று மிஞ்சி நிற்கும்படி கோபாலனுக்கு மணி வைக்கச் சொன்னால், குழந்தை ஐந்தோடு கையை நிறுத்திவிடுகிறது. கூட்டலா, கழித்தலா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

ஆகவே பெற்றோர்களும் உபாத்தியாயர்களும், குழந்தை ஒரு வாக்கியக் கணக்கில் திகைத்து நிற்கும்போது, கூட்டு என்றோ கழி என்றோ அவசரப்பட்டு எடுத்துக் கொடுக்காமல், யாரிடம் என்ன இருந்தது, பிறகு என்ன நேர்ந்தது என்பதை அதன் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லிவிட்டு, மணிகளை நகர்த்த விடுங்கள். மணிச்சட்டம் இல்லாத வீட்டில் புளியங்கொட்டைகள் போதும்.